ஏற்காட்டுல குடும்பத்தோட டென்ட் போடணுமா: இடம், பேப்பர், செலவு, ரோடு எல்லாம் வரிசையா

சேலத்துக்காரங்களுக்கு ஏற்காடுன்னா ஒரு அலட்சியம் உண்டு. 30 கிலோமீட்டர் தானே, நெனச்சா வண்டிய எடுத்துட்டு போயிட்டு வந்துடலாம்னு. காலைல போய் ஏரில ஒரு ரவுண்டு போட்ல சுத்திட்டு, லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல நின்னு போட்டோ எடுத்துட்டு, சாயங்காலம் இறங்கறவங்களுக்கு அது சரிதான். ஆனா ரெண்டு குடும்பம், குழந்தைங்க, டென்ட், அடுப்பு, ராத்திரி தங்கல்னு வந்துட்டா கணக்கே வேற. சென்னைல இருக்கற என் ஃப்ரெண்டு போன்ல "பக்கத்துல தானடா, மேல போய் பாத்துக்கலாம்"னுதான் ஆரம்பிச்சான், அதுக்கப்புறம் இடம் தேடினது, அட்வான்ஸுக்கு அலைஞ்சது, வண்டி பேப்பர் தேடினதுன்னு நாங்க ரெண்டு பேரும் பட்ட பாடு இருக்கே, அத நீங்க படவேண்டாம்னுதான் இத எழுதறேன். வெளியூர்லேர்ந்து சேலம் வழியா வர்றவங்களுக்கும், உள்ளூர்லயே இருந்துட்டு முதல் தடவ டென்ட் போடறவங்களுக்கும் சேத்துதான்.

1. எங்க டென்ட் போடலாம், எங்க போடக்கூடாது

இதுதான் முதல் வேல, தேதி பாக்கறதுக்கும் முன்னாடி. ஏற்காட்டுல நிலம் ரெண்டு வகை. ஒன்னு பட்டா நிலம், அதாவது காப்பி எஸ்டேட், தோட்டம், வீடு. இன்னொன்னு காப்புக்காடு, வனத்துறையோடது. ரெண்டும் பக்கத்து பக்கத்துலயே இருக்கும், பாத்தா வித்தியாசமே தெரியாது, ரெண்டுலயும் மரம், ரெண்டுலயும் பனி. ரோட்டோரமா நல்லா சமதளமா ஒரு இடம் தெரியுது, வியூ சூப்பரா இருக்கு, இங்கயே போட்டுடலாம்னு தோணும். தோணினாலும் இறங்காதீங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், நெருப்பு வச்சா இன்னும் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 தேனி குரங்கணில காட்டுத்தீல மலையேற்றம் போனவங்க செத்ததுக்கு அப்புறம் இந்த விஷயத்துல வனத்துறை ரொம்ப கறாரு, "தெரியாம வந்துட்டோம் சார்"னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நம்பி போகாதீங்க.

அப்போ உங்களுக்கு ரெண்டு வழிதான். காசு கட்டி எஸ்டேட்டுக்குள்ள நடத்தற கேம்ப்ல தங்கறது, இல்ல தெரிஞ்சவங்க தோட்டத்துல போடறது. எங்களுக்கு ரெண்டாவது வழி அமைஞ்சுது, ஃப்ரெண்டோட பெரியப்பா குடும்பத்துக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு, லீவுக்கு லீவு அவங்க சொந்தக்காரங்க எல்லாம் சேந்து டென்ட் போடற இடம் அது. சொந்தக்காரங்க இடம்தானேன்னு அப்படியே போயிடாதீங்க. இடத்துக்காரர்கிட்ட ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதி வாங்கிக்கோங்க: இன்னார், இத்தன பேர், இந்த தேதிக்கு, என் அனுமதியோட தங்கறாங்கன்னு, கையெழுத்து, போன் நம்பர். பட்டா ஜெராக்ஸ் ஒன்னு கெடச்சா இன்னும் நல்லது. தோட்டம் காட்ட ஒட்டி இருந்தா எல்லை எது வரைக்கும்னு மேஸ்திரியையோ வாட்ச்மேனையோ கூட்டிட்டு போய் நடந்து பாத்துடுங்க. ராத்திரி நேரத்துல யாராவது வந்து கேட்டா போன்ல பெரியப்பாவ எழுப்பறத விட பேப்பர நீட்டறது சுலபம்.

நடக்கறதுக்கு ஆச இருந்தா அதுக்கு தனி வழி இருக்கு. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு ட்ரெக் தமிழ்நாடுன்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, ஆன்லைன்ல புக் பண்ணா வழிகாட்டியோட கூட்டிட்டு போவாங்க. அது நடக்கறதுக்குத்தான், டென்ட் போட்டு தங்கறதுக்கு இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

2. தேதி

மே மாசம் வேண்டாம். கோடை விழா சமயத்துல ஏற்காடு ஏரி ரவுண்டானா பக்கம் வண்டி நகராது, எஸ்டேட் கேம்ப்ல எல்லாம் ரேட் ஏறிடும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, மண் சரியற காலம். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைல மலைப்பாதைல மண் சரிஞ்சு போக்குவரத்து பாதிச்சது ஞாபகம் இருக்கும். மழைக்கால புக்கிங்னா ரீஃபண்ட் உண்டான்னு கேக்காம பைசா கட்டாதீங்க. பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் காடு காஞ்சு கெடக்கும், கேம்ப்ஃபயர் ஆசை இருந்தா அப்போ மறந்துடணும்.

ஜனவரி நல்லா இருக்கும், ஆனா குளிரு. ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், சேலத்து வெயில்ல வளந்த உடம்புக்கு அதுவே ஜாஸ்தி. எனக்கு புடிச்சது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். அப்பப்போ மழை இருக்கும், பச்சையா இருக்கும், கூட்டம் இருக்காது. முடிஞ்சா வெள்ளிக்கிழம ஏறி சனிக்கிழம சாயங்காலம் இறங்கிடுங்க, ஞாயித்துக்கிழம சாயங்காலம் இறங்கற கூட்டத்துல மாட்டாதீங்க. ஸ்கூல் பசங்க இருந்தா ஒரு நாள் லீவு போடணும், அது உங்க வீட்டு பஞ்சாயத்து.

இ-பாஸ் வேணுமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் வந்தது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும், 2025 நவம்பர்லேர்ந்து வால்பாறைக்கும். ஹைகோர்ட் உத்தரவு அந்த ஊருங்களுக்குத்தான், அத பாத்துட்டு ஏற்காட்டுக்கும் எடுத்துத் தர்றோம்னு யாராவது காசு கேட்டா ஏமாந்துடாதீங்க.

3. கேம்ப் புக் பண்றதா இருந்தா: அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி

இதுலதான் நாங்க அதிகமா அலைஞ்சோம், பெரியப்பா தோட்டம் முடிவாகறதுக்கு முன்னாடி. இன்ஸ்டாகிராம்ல பேஜ் பேஜா வருது. எல்லா போட்டோலயும் அதே மஞ்ச லைட், அதே வெள்ள டென்ட், அதே மேகம். ஒரு பேஜ்ல போன் பண்ணா "லொகேஷன் பேமென்ட் ஆனப்புறம்தான் ஷேர் பண்ணுவோம்"னு சொன்னாங்க. அந்த வார்த்தைய கேட்ட உடனே போன வச்சிடுங்க. நம்ம ஊர்ல டீக்கடைக்கு கூட போர்டு இருக்கு, தங்கற இடத்துக்கு அட்ரஸ் இல்லன்னா என்ன அர்த்தம்?

கேக்க வேண்டியது இதெல்லாம், வாட்ஸப்ல எழுத்துல கேளுங்க, போன்ல பேசினது நிக்காது:

டாய்லெட் எத்தன, டென்ட்லேர்ந்து எவ்ளோ தூரம், ராத்திரி லைட் இருக்குமா. பாத்ரூம்ல சுடுதண்ணி வருமா இல்ல பக்கெட்ல தருவாங்களா. சுத்தி வேலி இருக்கா, ராத்திரி வாட்ச்மேன் இருப்பாரா. கார் எது வரைக்கும் போகும், அங்கேர்ந்து சாமான தூக்கிட்டு நடக்கணுமா இல்ல ஜீப்பா, ஜீப்புன்னா அதுக்கு தனிக் காசா. ஃபேமிலிக்கு மட்டுமா இல்ல பேச்சிலர் குரூப்பும் வருமா. இந்த கடைசி கேள்விய மறந்துடாதீங்க, பக்கத்து டென்ட்ல ராத்திரி ஒரு மணிக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் அலறினா உங்க குழந்த தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீங்க, காலைல ரெண்டு குடும்பமும் மூஞ்ச தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கும். அப்புறம் ஒரு வீடியோ கால் போட்டு இடத்த சுத்திக் காட்ட சொல்லுங்க, உண்மையா நடத்தறவங்க தயங்காம காட்டுவாங்க.

அட்வான்ஸ் பாதிக்கு மேல கொடுக்காதீங்க. பணம் போற அக்கவுண்ட் பேரு, கேம்ப் பேரு, பேசற ஆள் பேரு மூனும் மூனு விதமா இருந்தா யோசிங்க. சாப்பாடு சேத்தா, ஜிஎஸ்டி சேத்தா, எந்த வயசுக்கு கீழ குழந்தைக்கு காசு இல்ல, செக்கின் எத்தன மணி, எல்லாம் ஒரே மெசேஜ்ல போட்டு "ஓகே" வாங்கி வச்சுக்கோங்க.

4. பேப்பருங்க

வண்டிக்கு: லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். டிஜிலாக்கர்ல இருந்தா செல்லும், ஆனா செல்லுல சார்ஜ் போயிடும், மலைல சிக்னல் வராது, அதனால ஜெராக்ஸ் ஒரு செட் டேஷ்போர்டுல போட்டு வைங்க. எல்லாரும் இன்சூரன்ஸ் பாப்பாங்க, புகை சர்டிபிகேட்ட மறந்துடுவாங்க. புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் வேண்டாம், அதுக்கப்புறம் பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கணும். சட்டத்துல இதுக்கு அபராதம் 10,000 ரூபாய் வரைக்கும் போகும், எடுக்கறதுக்கோ பத்து நிமிஷம், ஒரு சின்ன தொக. பங்க்லயே எடுத்துடலாம்.

வாடகை வண்டின்னா ஒரு முக்கியமான கண்ணி. சேலத்துல தெரிஞ்சவர் மூலமா ஓன் போர்டு வண்டிய, அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ணின வண்டிய, நாள் வாடகைக்கு எடுக்கறது சாதாரணமா நடக்குது, விலையும் கம்மி. வெள்ள நம்பர் பிளேட் வண்டிய வாடகைக்கு விடறது சட்டப்படி தப்பு, அதவிட முக்கியம், ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி "வாடகைக்கு ஓடின வண்டி"ன்னு சொல்லி கைய விரிச்சுடும். நீங்களே ஓட்டறதுன்னா கறுப்பு பிளேட்ல மஞ்ச எழுத்து, டிரைவரோடன்னா மஞ்ச பிளேட்ல கறுப்பு எழுத்து. கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்டுக்கு போறப்போ ஐநூறு ஆயிரம் மிச்சம் பாக்காதீங்க.

ஆளுங்களுக்கு: பெரியவங்க எல்லாருக்கும் ஆதாரோ வேற ஐடியோ ஒரிஜினல். குழந்தைங்களுக்கு ஆதார் போட்டோ போதும். கூட வர்ற ஃப்ரெண்டு குடும்பத்துல யாராவது வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்தா, அமெரிக்காவுல பொறந்த குழந்தையா இருந்தா கூட, தங்கற இடத்துக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கு தகவல் கொடுக்கணும். சின்ன கேம்ப்காரங்க பல பேருக்கு இது தெரியாது, இல்லன்னா இந்த வேலையே வேண்டாம்னு வாசல்லயே திருப்பி விட்டுடுவாங்க. புக் பண்றப்பவே சொல்லிடுங்க.

5. செலவு

ரெண்டு குடும்பம், நாலு பெரியவங்க, நாலு பசங்கன்னு வச்சுக்கோங்க. நாங்க விசாரிச்ச எஸ்டேட் கேம்ப்ல ராத்திரி, காலைல சாப்பாட்டோட ஆளுக்கு 1,000லேர்ந்து 2,000 ரூபாய் வரைக்கும் சொன்னாங்க, சனி ஞாயிறுன்னா அதுல மேல் பக்கம். பசங்களுக்கு பாதி. தெரிஞ்சவங்க தோட்டம்னா வாடக மிச்சம், ஆனா டென்ட், அடுப்பு, சாமான்னு அந்த காசு வேற வழில போயிடும். வாட்ச்மேனுக்கும் அவங்க வீட்டம்மாவுக்கும் கைல ஏதாவது கொடுக்கணும், தண்ணி எடுத்துக் கொடுக்கறது, விறகு கொண்டு வர்றது எல்லாம் அவங்கதான், ஐநூறாவது கொடுங்க.

பெட்ரோலுக்கு மேப் கணக்கு போடாதீங்க. மேல ஏறறப்போ ரெண்டாவது கியர்லயே போகும், சாதாரணமா 18 கொடுக்கற வண்டி 11, 12தான் கொடுக்கும். போக வர, மேல பகோடா பாயின்ட், கரடியூர்னு சுத்தறது எல்லாம் சேத்து 100 கிலோமீட்டர் வரும், எட்டு ஒன்பது லிட்டர் வச்சுக்கோங்க. சேலத்துலயே ஃபுல் டேங்க் போட்டுடுங்க.

வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு டோல் தனி. சென்னைலேர்ந்து வந்தா உளுந்தூர்பேட்டைக்கு அப்புறம் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி, கோவைலேர்ந்து வந்தா கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம். ஃபாஸ்டேக்ல காசு இல்லன்னா அதிகமா கட்டணும். அடிக்கடி ஓட்டறவங்களுக்கு ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15லேர்ந்து இருக்கு, ஆரம்பிச்சப்போ 3,000 ரூபாய், 200 தடவ தாண்டலாம், சொந்த வண்டிக்கு மட்டும்.

ஃப்ரெண்டோட போறப்போ காசு விஷயத்துல ஒன்னு சொல்றேன். ஒருத்தர் கைல மொத்தமா கொடுத்துடுங்க, அவரே எல்லாத்தையும் கட்டட்டும், வந்து கணக்கு பாத்துக்கலாம். "இத நான் கொடுக்கறேன், அத நீ கொடு"ன்னு ஆரம்பிச்சா சிரிச்சுட்டே கொடுத்தவன் மனசுல கணக்கு ஓடிட்டே இருக்கும், பதினஞ்சு வருஷ நட்பா இருந்தாலும் ஓடும். மேல கொஞ்சம் கேஷும் வேணும், சிக்னல் இல்லாத இடத்துல ஜிபே போகாது.

6. சாமான் வாங்கறது

டென்ட் ஆன்லைன்ல 2,500 ரூபாய்க்கே கெடைக்கும், ஆனா ரெண்டு லேயர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. ஒத்த லேயர்ல விடியக்கால மூச்சுக்காத்து உள்பக்கமே வேர்த்து ஒழுகும், மழையே இல்லாம நனைவீங்க. "மூனு பேர் டென்ட்"னு போட்டிருந்தா ரெண்டு பேர்னு எடுத்துக்கோங்க. வாங்கின உடனே மொட்டமாடில ஒரு தடவ போட்டுப் பாருங்க, கம்பி குறைஞ்சிருந்தா இங்கயே தெரியணும். கீழ விரிக்க தார்ப்பாய், அதுக்கு மேல பவானி ஜமக்காளம் ரெண்டு. ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தேவையில்ல, வீட்டு கம்பளி போதும், ஆனா தலைக்கு ஒன்னு கணக்கா எடுங்க.

அடுப்புக்கு: இண்டேன்ல 5 கிலோ சோட்டு சிலிண்டர் ஐடி காட்டினா கெடைக்கும், கனெக்ஷன் தேவையில்ல. வீட்டு பெரிய சிலிண்டர டிக்கில படுக்க வச்சு எடுத்துட்டு போற ஆளுங்கள பாத்திருக்கேன், அந்த வேல வேண்டவே வேண்டாம். சின்ன சிலிண்டரா இருந்தாலும் நிமுத்தி வச்சு கட்டுங்க, ரெகுலேட்டர கழட்டிடுங்க, வெயில்ல பூட்டின கார்ல விட்டுட்டு போகாதீங்க.

மளிகை சேலம் செவ்வாப்பேட்டைல, காய்கறி அஸ்தம்பட்டி உழவர் சந்தைல காலைல. மேல வாங்கிக்கலாம்னு விடாதீங்க, ஏற்காடு டவுன்ல எல்லாம் கெடைக்கும்தான், ஆனா நீங்க தங்கற தோட்டத்துலேர்ந்து டவுனுக்கு வர்றது ஒரு வேலையாயிடும். எளிமையா சமைங்க. முதல் ராத்திரிக்கு வீட்லேர்ந்தே புளிசாதம், சப்பாத்தி கட்டிட்டு போயிடுங்க, டென்ட் போட்டு முடிக்கவே இருட்டிடும். ஆவேசமா பிரியாணி அண்டா தூக்கிட்டு போறவங்க பாத்திரம் தேய்க்கறதுலயே ட்ரிப்ப முடிச்சுடுவாங்க, அதுவும் யார் தேய்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். தட்டுவடை, முறுக்கு ஒரு டப்பா, பசங்களுக்கு அது போதும்.

பிளாஸ்டிக் கப்பு, தட்டு, கேரி பேக் வேண்டாம், 2019 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்டுல தடை, மலை செக்போஸ்ட்ல பாத்தா வாங்கி வச்சுடுவாங்க. எவர்சில்வர் தட்டும் இருபது லிட்டர் கேன் ஒன்னும் போதும். இது தவிர: டார்ச் ஆளுக்கு ஒன்னு, பவர்பேங்க், கயிறு, சுத்தியல், கொசுவத்தி, குழந்தைங்களுக்கு வழக்கமா கொடுக்கற காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ்.

7. எந்த ரோடு, எத்தன மணிக்கு

ரெண்டு வழி. ஒன்னு சேலம் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியா அடிவாரம் போய் ஏறறது, 20 கொண்டை ஊசி வளைவு, எல்லாரும் போற வழி. இன்னொன்னு அயோத்தியாப்பட்டணம் பக்கத்துலேர்ந்து குப்பனூர் வழியா ஏறி கொட்டச்சேடு போய் ஏற்காடு. கொஞ்சம் சுத்து, வண்டி கம்மி, வளைவு கம்மி, ஆனா சில இடத்துல ரோடு குறுகலு. சென்னைலேர்ந்து வர்றவங்க சேலத்துக்குள்ள நுழையாமயே அயோத்தியாப்பட்டணத்துல திரும்பிடலாம், டவுன் ட்ராபிக் மிச்சம். கோடை விழா மாதிரி கூட்டமான நாள்ல ஒரு வழில ஏறி இன்னொரு வழில இறங்கற மாதிரி மாத்தி விடுவாங்க, போலீஸ் சொல்றபடி போங்க, கூகுள் மேப் சொல்றபடி இல்ல. தோட்டத்துக்குள்ள போற மண் ரோடு விஷயத்துலயும் மேப்ப நம்பாதீங்க, இடத்துக்காரர்கிட்ட அடையாளம் கேளுங்க: எந்த பஸ் ஸ்டாப், எந்த கோயில், எந்த கேட்டு.

கெளம்பற நேரம்: காலைல 7 மணிக்கு அடிவாரம் தாண்டினா ராஜபாட்ட. 10 மணிக்கு மேல பஸ், வேன், பைக் குரூப் எல்லாம் சேந்துடும். வெளியூர் ஃப்ரெண்டு லேட்டா வந்தா சாயங்காலம் 4 மணிக்குள்ள அடிவாரத்துல இருக்கணும், அதுக்கு மேலன்னா அன்னிக்கு ராத்திரி சேலத்துல தூங்கிட்டு மறுநாள் ஏறுங்க. என் ஃப்ரெண்டு சென்னைலேர்ந்து அஞ்சரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து "அப்படியே ஏறிடலாம் மச்சி"ன்னான், நான் வுடல, எங்கம்மா கைல ராத்திரி தோச சாப்ட்டு தூங்கினான். மூடுபனில, இருட்டுல, தெரியாத மண் ரோட்ல, தூங்கற குழந்தைங்களோட டென்ட் போட எடம் தேடறது யாருக்கும் வேண்டாத வேல.

8. கொண்டை ஊசி வளைவு

மலை ஓட்டிப் பழகாதவங்க ஓட்டாதீங்க, அவ்ளோதான். லைசென்ஸ் இருக்குங்கறதும் மலை ஓட்டத் தெரியும்ங்கறதும் வேற. 2024 ஏப்ரல் 30 இதே ரோட்ல வளைவுல பஸ் கவிழ்ந்து உயிர் போயிருக்கு, தெனமும் ஓடற பஸ்ஸு அது.

ஏறறவங்களுக்குத்தான் முதல் வழி, இறங்கறவங்க நின்னு விடணும், விதியே அப்படித்தான். வளைவுல ஹாரன், பகல்லயும் லைட் போட்டா நல்லது. பஸ் வர்றது தெரிஞ்சா வளைவுக்கு முன்னாடியே நின்னுடுங்க, அதுக்கு முழு ரோடும் வேணும். பனி இறங்கினா ஹை பீம் போடாதீங்க, வெள்ளச் செவரு மாதிரி திருப்பி அடிக்கும், லோ பீம்தான். ரெண்டு கார்ல போனா ஒன்னு பின்னாடி ஒன்னு ஒட்டிட்டே போகாதீங்க, எந்த பாயின்ட்ல சேருவோம்னு பேசி வச்சுட்டு அவங்கவங்க வேகத்துல போங்க. பின் சீட்லயும் பெல்ட். வளைவுல நிறுத்தி செல்ஃபி எடுக்காதீங்க, குரங்குக்கு பிஸ்கட் போடாதீங்க, ஒரு குரங்குக்கு போட்டா பத்து குரங்கு வண்டி மேல ஏறும்.

வாந்தி வர்ற பசங்கள காலி வயித்துலயும் கூட்டிட்டு போகாதீங்க, பொங்கல் வட தின்னு முடிச்ச உடனேயும் வேண்டாம். ரெண்டு இட்லி, அர மணி நேரம் கழிச்சு கெளம்புங்க. மாத்திர கொடுக்கறதுன்னா முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு அளவு தெரிஞ்சுக்கோங்க. செல்ல கைல கொடுக்காதீங்க, அத பாத்துட்டே போனா ஆறாவது வளைவுலயே ஆரம்பிச்சுடும்.

குடிக்கறவங்களுக்கு: ஓட்டற ஆளு தொடவே கூடாது. பிடிபட்டா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் கூட போடலாம். முந்தின ராத்திரி அடிச்சுட்டு விடியக்கால இறங்கறதும் இதுலதான் சேரும்.

9. இடம் சேந்த உடனே

முதல்ல டென்ட், அப்புறம்தான் டீ. வெளிச்சம் இருக்கறப்பவே போடணும். எஸ்டேட்ல நிழலுக்கு சில்வர் ஓக் வச்சிருப்பாங்க, அதுல மிளகுக்கொடி ஏத்தி அழகா இருக்கும், ஆனா காஞ்ச கெள இருக்கற மரத்துக்கு அடில போடாதீங்க. பலா மரத்துக்கு அடில போடவே போடாதீங்க, காரணம் சொல்ல வேண்டியதில்ல. சரிவுல கீழ்ப்பக்கம் குழியா இருக்கற இடம் காத்து இல்லாம கதகதப்பா தெரியும், மழை வந்தா மேல இருக்கற தண்ணி எல்லாம் அங்கதான் வரும். லேசா மேடான இடம் பாருங்க, மேல்பக்கம் ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கா கிழிச்சு விடுங்க, தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு, காப்பிச் செடி வேர வெட்டிடாம.

டாய்லெட்டுக்கு போற வழிய பசங்களுக்கு பகல்லயே காட்டிடுங்க. எந்த பாறைல ஏறினா சிக்னல் வருதுன்னு பாத்து வைங்க, 108 கூப்பிடணும்னா ராத்திரி அத தேட முடியாது. ஏற்காட்டுலயே அரசு ஆஸ்பத்திரி இருக்கு, பெருசா ஏதாவதுன்னா சேலம் மோகன் குமாரமங்கலம் ஜிஹெச்சுக்குத்தான் இறக்கணும், ஒரு மணி நேரமாவது ஆகும். பத்திரமா ஆடுங்கன்னு பசங்கள மெரட்டறத விட இத தெரிஞ்சு வச்சுக்கறது உபயோகம்.

10. நெருப்பு, சாப்பாடு, காட்டெருமை

விறகு இடத்துக்காரர்கிட்டதான் வாங்கணும், காட்டுக்குள்ள போய் பொறுக்கக்கூடாது, அதுவும் குற்றம். ஏற்கனவே நெருப்பு வச்ச கருப்பு தெரியற இடத்துலயே வைங்க, சுத்தி ரெண்டு மூனு அடிக்கு சருக கூட்டித் தள்ளுங்க, பக்கத்துல ரெண்டு பக்கெட் தண்ணி. தூங்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, கிளறி, திரும்ப ஊத்தி, கைய மேல காட்டிப் பாத்தா சூடு தெரியக்கூடாது.

ஏற்காட்டுல காட்டெருமை நடமாட்டம் இருக்கு, எஸ்டேட்டுக்குள்ளயும் ரோட்லயும் வரும். பாக்க நம்ம எருமை மாதிரி சாதுவா நிக்கும், லைட் அடிக்கறது, கத்தறது, கிட்ட போய் வீடியோ எடுக்கறது எதுவும் வேண்டாம், சத்தம் போடாம பின்னாடி வந்துடுங்க. மிச்ச சாப்பாடு, பழத்தோல் எதையும் டென்ட் பக்கத்துல வைக்காதீங்க, டப்பால போட்டு கார்ல பூட்டிடுங்க. ராத்திரி குழந்தைங்க தனியா வெளிய போகக்கூடாது, இதுல பேரம் இல்ல.

11. இறங்கறப்போ

ஏறறத விட இறங்கறதுலதான் வண்டி கெடும். ஏறின கியர்லயே இறங்குங்க, ரெண்டாவதுல, செங்குத்தா இருந்தா முதல்ல. நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு யாராவது சொன்னா அவர பின் சீட்டுக்கு அனுப்புங்க. ஆட்டோமேட்டிக் வண்டின்னா 'L' கியர்லயோ மேனுவல் மோட்லயோ போடுங்க. பிரேக்க மிதிச்சுட்டே வந்தா பாதி வழில கருகின வாசன வரும், வந்தா ஓரமா இடம் பாத்து இருபது நிமிஷம் நிறுத்துங்க, சக்கரத்து மேல தண்ணி ஊத்தாதீங்க.

குப்பைய கீழ கொண்டு வந்து சேலத்துல போடுங்க. கேம்ப்ல டெபாசிட் வாங்கியிருந்தா கெளம்பறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு திருப்பி வாங்குங்க, "அக்கவுண்ட்ல போட்டு விடறோம் சார்"னு சொன்னது எங்க ஊர்ல ஒருத்தருக்கு இன்னும் வரல. டென்ட ஈரத்தோட பைல சுருட்டித்தான் கொண்டு வருவீங்க, வேற வழியில்ல, ஆனா வீட்டுக்கு வந்த அன்னிக்கே மொட்டமாடில விரிச்சுடுங்க, ரெண்டு நாள் விட்டா பூஞ்ச புடிச்சு அந்த நாத்தம் போகவே போகாது.